ஒரே வெள்ளிக்கிழமையோடு நின்றுபோன பாட்டு: யூதத் தொழுகைக்கூடங்களின் வழிபாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழிபாட்டுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் சீர்திருத்த யூதத் தொழுகைக்கூடங்களில் எந்தப் பாட்டு ஒலிக்கலாம், எதற்குப் பணம் ஒதுக்கலாம், புதிதாக ஒன்றை எழுதித்தர யாரைக் கேட்கலாம் என்று முடிவெடுக்கிறவர்கள் நீங்கள். நான் யூதச் சமயத்தில் பிறந்தவள் இல்லை. 11 ஆண்டுகளாக உங்கள் கூடங்களில் வெள்ளிக்கிழமை மாலைகளிலும் பெருநாட்களிலும் சம்பளத்துக்குப் பாடிவருகிறேன். ஆல்டோ குரல், அதாவது பெண்களின் தாழ்ந்த குரல். பிறந்தது கும்பகோணம்; முதலில் படித்தது கர்நாடக சங்கீதம். எபிரேய எழுத்துகளை முப்பது வயதுக்கு மேல்தான் கூட்டிப் படிக்கக் கற்றேன். பாட்டைப் பற்றி மனம்விட்டுப் பேச எனக்கு இன்னமும் தமிழ்தான் வருகிறது. அதனால் முதலில் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே வந்து சேரும்.

கேட்க வந்தது ஒன்றுதான். புதுப் பாட்டு எழுதச் சொல்கிறீர்கள். அது மிக நல்ல காரியம். எழுதி வாங்கிய பாட்டை ஒரே ஒரு மாலை பாடவைத்துவிட்டு அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஓராண்டு முழுக்கப் பாடவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், எங்கும் நடப்பதுதான். ஓய்வு பெறவிருந்த ஹஸான் ஒருவரைச் சிறப்பிப்பதற்காக (வழிபாட்டை முன்னின்று பாடி நடத்துகிறவரை எபிரேயத்தில் ஹஸான் என்பார்கள்) 'ஹஷ்கிவேனு'வுக்குப் புதிய இசை அமைத்துத் தரும்படி ஓர் இளம் இசையமைப்பாளரைக் கேட்டிருந்தார்கள். இரவு வழிபாட்டில் வரும் வேண்டுதல் அது. எங்களை அமைதியாகப் படுக்கவை, உயிரோடு எழுப்பு, உன் அமைதிக் கூடாரத்தை எங்கள்மேல் விரி என்று இறைவனைக் கேட்பது. ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். முதல் இரண்டு வாரம் எங்களுக்கே அது பிடிக்கவில்லை. மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போகும் வழியில் அதை முணுமுணுக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஐந்தாம் வாரம் அது எங்களுடையதாகிவிட்டது. கடைசி அடியில் மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி அடங்கும். ஆல்டோ மட்டும் ஒரு சுரம் மேலேறி அங்கேயே நிற்கும். தூங்கும் குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்ட கை, எடுக்க மனமில்லாமல் ஒரு கணம் அதன் மேலேயே இருக்குமே, அப்படி.

அந்த வெள்ளிக்கிழமை பாடினோம். வழிபாடு முடிந்ததும் ரொட்டியும் திராட்சை ரசமும் வைத்திருந்த மேசையருகே எல்லோரும் இசையமைப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த வாரம் 24 பிரதிகளையும் திரும்ப வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். பெட்டி அலமாரிக்குள் போயிற்று.

நான்கு மாதம் கழித்து, கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். எண்பதைத் தாண்டியவர், மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்காருகிறவர். "அன்றைக்கு ஒரு ஹஷ்கிவேனு பாடினீர்களே, அதன் கடைசி அடி எனக்குப் பாதிதான் நினைவில் இருக்கிறது. மேலே போகும், அதற்கப்புறம் பிடிபடவில்லை" என்றார். அவர் மனைவிக்கு இரவில் தூக்கம் வருவதில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து அதை முனகிக்கொண்டிருப்பாராம். ஒவ்வோர் இரவும் அதே இடத்தில் நின்றுவிடுகிறதாம். அங்கேயே நின்று பாடிக் காட்டினேன். ஆனால் நான் ஆல்டோ. நான்கு குரல் சேர்ந்து நெய்த துணியில் என் கையில் இருந்தது ஒரே ஒரு இழை. அவர் இரண்டு முறை திருப்பிப் பாடினார். இரண்டு முறையும் தவறாகவே வந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் என்னை நிறுத்திக் கேட்கும்படி நாம் விட்டிருக்கக் கூடாது. அந்த அடி வெள்ளிக்கிழமைதோறும் அவர் காதில் தானாக விழுந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

புது இசை என்றாலே உங்கள் குழுக்களில் சிலர் தயங்குவதை அறிவேன். பழைய மெட்டு எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்கும்போது அதில் பாசம் இருக்கிறது. பிடிவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் பழையது என்று நினைப்பவற்றில் பலவற்றுக்குப் பிறந்த ஆண்டு இருக்கிறது. 'ஷெமா இஸ்ராயேல்' (இஸ்ரயேலே, கேள்) என்று எழுந்து நின்று நீங்கள் பாடும் அந்த மெட்டை மோசே காலத்ததென்று நம்பும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்; பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வியன்னாவின் ஹஸான் ஸலோமோன் ஸுல்ஸர் அமைத்தது. வியன்னாவின் ஸ்டாட்டெம்பல் தொழுகைக்கூடம் 1826இல் திறக்கப்பட்டபோது அங்கே ஹஸானாக வந்த ஸுல்ஸருக்கு வயது 22. பாடகர் குழுவை அமைத்தார், மெட்டுகளைச் செப்பம் செய்தார், புதியவற்றை எழுதினார், பிறரிடமும் கேட்டு வாங்கினார். 1828இல் அவருக்காக 92ஆம் சங்கீதத்துக்கு (வேதத்தில் உள்ள துதிப்பாடல்களைத்தான் இங்கே சங்கீதம் என்கிறேன்) எபிரேயத்திலேயே இசை எழுதிக் கொடுத்தவர் இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷூபர்ட். ஷூபர்ட் இறந்த ஆண்டும் அதுதான். அவர் யூதர் இல்லை. உங்கள் கூடத்தின் மாடத்தில் நின்று பாடும்போது சில நேரம் எனக்கு அந்நியமாக இருக்கும். அப்போதெல்லாம் அந்தச் சங்கீதத்தை நினைத்துக்கொள்வேன்.

ஸுல்ஸரின் மெட்டுகள் நிலைத்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் அதே கூடத்தில் நின்று அவற்றை வாரம்தோறும் பாடியது. பெர்லினில் இசையமைப்பாளர் லூயிஸ் லெவன்டோவ்ஸ்கிக்கும் அதுதான் நடந்தது. ஓரானியன்பர்கர் தெருவில் 1866இல் திறக்கப்பட்ட புதிய தொழுகைக்கூடத்தில் பெரிய பாடகர் குழுவும் ஆர்கனும் அவர் கையில் இருந்தன. ஆனாலும் 1871இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு ஒரு குரலும் இரண்டு குரலும் பாடும்படி எளிமையாக எழுதப்பட்டது. நான்கு குரலுக்கான பெரிய தொகுப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. பாடகர் குழுவே இல்லாத சிற்றூர்க் கூடமும் பாட வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. இதை நம்முடைய இளம் இசையமைப்பாளர்களிடம் யாரும் சொல்வதில்லை.

பாடாமல் விட்ட பாட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஸலாமோனே ரொஸ்ஸியின் கதையைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. இத்தாலியின் மான்டுவா நகரில் கொன்ஸாகா அரசவையில் வயலின் வாசித்தவர், இசையமைத்தவர், யூதர். 1622-23இல் வெனிஸில் அவருடைய எபிரேயப் பாடல்கள் அச்சாயின. மூன்று குரலிலிருந்து எட்டுக் குரல் வரைக்குமான 33 பாடல்கள். சங்கீதங்கள், வழிபாட்டு வேண்டுதல்கள், பியூத் எனப்படும் பக்திக் கவிதைகள். அதுவரை தொழுகைக்கூடத்தில் அப்படிப்பட்ட பல்குரல் இசை அச்சில் வந்ததில்லை. எதிர்ப்பு வரும் என்று தெரியும். எருசலேம் ஆலயம் இடிந்து துக்கம் காக்கும் நாம் இப்படிக் களிப்பாகப் பாடலாமா என்ற கேள்வி அப்போதே கிளம்பியிருந்தது. ஃபெராராவில் இப்படிப் பாடியதைச் சிலர் எதிர்த்தபோது ரபி (யூதச் சமயக் குரு) லியோன் மொடெனா 1605இல் பாடலாம் என்று தீர்ப்பு எழுதியிருந்தார். ரொஸ்ஸியின் நூலில் அந்தத் தீர்ப்பும் மொடெனாவின் முன்னுரையும் சேர்ந்தே அச்சாயின.

அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன அச்சுச் சிக்கல். இசைக்குறிகள் இடமிருந்து வலம் போகும். எபிரேயம் வலமிருந்து இடம் வரும். என்ன செய்வது? எழுத்துகளைத் தலைகீழாக்க அவர்களுக்கு மனமில்லை. சொற்களை அவற்றின் இயல்பான திசையிலேயே விட்டுவிட்டார்கள். பாடுகிறவருக்கு வேண்டுதல் மனப்பாடம்தானே, சொல்லை நினைவிலிருந்தே எடுத்துப் பாடிக்கொள்வார் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. புதுமையின் உச்சியில் நின்றவர்கள், வாரம்தோறும் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய நாக்கை நம்பித்தான் அந்தப் புதுமையைச் செய்தார்கள்.

ஏழே ஆண்டுகளில் போர் வந்தது. 1630இல் புனித ரோமப் பேரரசின் படை மான்டுவாவைச் சூறையாடியது. யூதக் குடியிருப்பு அழிந்தது. ரொஸ்ஸியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பாடியவர்கள் சிதறியதும் பாட்டும் போயிற்று. 1870களில் பாரிஸின் ஹஸான் ஸாமுவேல் நோம்பூர் தேடி எடுத்துப் பதிப்பிக்கும்வரை இரண்டரை நூற்றாண்டு அந்த இசை வெறும் தாளாக இருந்தது. ரொஸ்ஸிக்கு ஒரு படையெடுப்பு வர வேண்டியிருந்தது. நமக்கு ஓர் அலமாரி போதுமானதாக இருக்கிறது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் நல்ல நோக்கத்தோடு நடந்தவை இல்லாமல் இல்லை. நியூயார்க்கின் பார்க் அவென்யூ தொழுகைக்கூடத்தில் ஹஸான் டேவிட் புட்டர்மன் 1943இலிருந்து ஆண்டுதோறும் புதிய வழிபாட்டு இசைக்கென்று ஒரு மாலையை ஒதுக்கினார். அவர் கேட்டுத்தான் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1945இல் ஒரு ஹஷ்கிவேனு எழுதினார். குர்ட் வைல் 1946இல் கிதுஷுக்கு, அதாவது திராட்சை ரசத்தின்மேல் சொல்லும் வாழ்த்துக்கு, இசை எழுதினார். எவ்வளவு பெரிய கொடை! அந்த மனிதருக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் அந்த மாலைகளில் ஒலித்தவற்றில் மிகப் பலவற்றை மக்கள் மறுபடி வெள்ளிக்கிழமைகளில் கேட்கவே இல்லை. கச்சேரி மேடையில் சில தங்கின. இசையமைப்பாளர் எர்னெஸ்ட் ப்ளோக்கின் 'அவோதாத் ஹகோதெஷ்' (புனித வழிபாடு) கதையும் இப்படித்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் எமானு-எல் கூடத்து ஹஸான் ரூபன் ரிண்டர் முன்னெடுத்துக் கேட்க, சனிக்கிழமைக் காலை வழிபாட்டுக்காக 1930 முதல் 1933 வரை ப்ளோக் அதை எழுதினார். அதற்காகவே எபிரேயத்தைச் சொல் சொல்லாக மீண்டும் படித்தார். 1934இல் முதன்முதலாக ஒலித்தது டூரின் நகரில். பாரிட்டோன் என்னும் நடுத்தர ஆண் குரல், பெரும் பாடகர் குழு, முழு வாத்தியக்குழு. அதைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. வாரவாரம் பாட முடிந்த கூடமும் குறைவு.

இதன் எதிர்ப்பக்கத்தில் டெபி ஃப்ரீட்மனை வைத்துப் பார்க்கிறேன். கிட்டாரும் கையுமாகக் கோடை முகாம்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடியவர். 1951இல் பிறந்து 2011இல் மறைந்தார். அவருடைய முதல் தொகுப்பு 1972இல் வந்தபோது இதுவும் வழிபாட்டு இசையா என்று கேட்டவர்கள் உண்டு. நோயுற்றோருக்கான 'மி ஷெபெராக்' வேண்டுதலுக்கு 1980களின் இறுதியில் அவர் தந்த மெட்டு, இன்று நீங்கள் நோயாளிகளின் பெயர்களை வாசிக்கும்போது கூடமே எழுந்து பாடும் மெட்டு. எபிரேயமும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று பின்னிய பாட்டு. மூத்த பாடகர்கள் சிலர் அதை எளிய பாட்டு என்று தள்ளுவார்கள். நான் உங்கள் கூடங்களில் பாடுவது நான்கு குரல் இசை. என் பிழைப்பே அதுதான். இருந்தும் சொல்கிறேன்: அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் ஒரு தாய் அதைப் பாடியபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்தப் பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது எப்படி நிலைத்தது? முகாமில் பிள்ளைகள் கோடைதோறும் பாடினார்கள். வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். வளர்ந்து அவர்களே ரபிகளும் ஹஸான்களும் ஆனார்கள். அதை ஒருநாள் நிகழ்ச்சியாக யாரும் நடத்தவில்லை.

கொச்சி யூதப் பெண்களையும் இங்கே நினைக்கிறேன். நான் பிறந்த மண்ணுக்குப் பக்கத்து மண். அவர்கள் மலையாளத்தில் பாடிய கல்யாணப் பாட்டுகளும் வேதக் கதைப் பாட்டுகளும் கையெழுத்து நோட்டுகளில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நோட்டுகளும் கூடவே போயின. அவற்றில் எழுதியிருப்பது சொல் மட்டும்தான், மெட்டு கிடையாது. மெட்டைக் கல்யாணங்கள்தாம் காப்பாற்றிவைத்திருந்தன.

எல்லாவற்றையும் புதிதாக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனோ புதுமை வேண்டுகிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். உங்கள் மரபில் நுசாக் என்று ஒன்று இருக்கிறது. மெட்டு என்று சொன்னால் அது தப்பாகிவிடும். இந்த நாளுக்கு, இந்த வேளைக்கு, இந்த வேண்டுதலுக்கு என்று அமைந்த சுர அமைப்பும், அதற்குரிய பிடிகளும் சேர்ந்தது நுசாக். முதல்முறை ஒரு ஹஸான் 'அஹவா ரபா' என்னும் அமைப்பில் பாடியபோது நான் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துவிட்டேன். வகுளாபரணத்தின் சுரங்கள்! 'அதோனாய் மாலாக்' என்பதைக் கேட்டால் அரிகாம்போதியின் படிக்கட்டு தெரியும். ராகத்தைப் போலவே சுர வரிசை மட்டும் தெரிந்தால் போதாது, எங்கே நிற்பது, எங்கே வளைவது, எந்தப் பிடியில் முடிப்பது என்று தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது ஓய்வுநாள் காலையா, வேலைநாள் மாலையா, ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டா என்று நுசாக்கே சொல்லிவிடும். அதை அறியாதவர் எழுதும் பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், கார்த்திகைத் தீபத்தைச் சித்திரையில் ஏற்றியதுபோல் இருக்கும்.

மஹரில் என்று அழைக்கப்படும் ரபி யாக்கோப் மொலின், மைன்ஸ் நகரத்தவர், 1427இல் மறைந்தவர். ஓர் ஊரின் வழக்கத்தை எதற்காகவும் மாற்றாதே, மெட்டைக்கூட மாற்றாதே என்று அவர் கற்பித்தார். உங்கள் குழுவில் புதுமையை எதிர்ப்பவர்கள் அவருடைய பிள்ளைகள்தாம். நான் அவரோடு பாதி வழி வரை உடன்படுகிறேன். ரைன் நதிக்கரையில் உருவாகி, சீனாய் மலையிலிருந்தே வந்தவை என்று போற்றப்படும் பெருநாள் மெட்டுகளைத் தொடாதீர்கள். பாவ மன்னிப்பு வேண்டும் நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒருவர், தன் தகப்பன் பக்கத்தில் நின்று கேட்ட கோல் நித்ரே என்னும் அந்த மாலையின் பாட்டைத் தேடித்தான் வருகிறார். அவரிடம் புதிதாக ஒன்றைக் கொடுப்பது கொடுமை. பெற்றோரை இழந்து கதீஷ் என்னும் துக்க வேண்டுதலைச் சொல்ல வந்தவரிடமும் அப்படியே.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வேறு. ஓய்வுநாளை வரவேற்கும் அந்த வழிபாடே ஒருகாலத்தில் புதியதுதான். 16ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் நகரின் ஞானிகள் உருவாக்கியது. அதில் பாடும் 'லெகா தோதி'யை எழுதிய ஷ்லோமோ அல்கபெட்ஸ் அந்த ஊரில் அப்போது வாழ்ந்தவர். தன் பெயரைச் செய்யுள்களின் முதலெழுத்துகளில் கோத்துவைத்தார். அதே வழிபாட்டில் 96ஆம் சங்கீதமும் 98ஆம் சங்கீதமும் வருகின்றன. இரண்டும் இறைவனுக்குப் புதுப்பாட்டு பாடுங்கள் என்றுதான் தொடங்குகின்றன. வாரம்தோறும் இரண்டு முறை அந்தக் கட்டளை உங்கள் வாயாலேயே சொல்லப்படுகிறது. புதியது பிறக்க அதைவிடப் பொருத்தமான மாலை எது?

இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் பழைய இசை உங்களுக்கு இனிப் பொருந்தவே பொருந்தாது. ஸுல்ஸரும் லெவன்டோவ்ஸ்கியும் எபிரேயத்தை அஷ்கெனாஸி உச்சரிப்பில் (நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் உச்சரிப்பு) கேட்டு எழுதினார்கள். அதில் ஓய்வுநாள் 'ஷாபோஸ்'. அழுத்தம் முதல் அசையில். இன்று நீங்கள் சொல்வது 'ஷபாத்'. அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உங்கள் கூடங்கள் உச்சரிப்பை மாற்றிக்கொண்டன, இசையை மாற்றவில்லை. நாங்கள் மாடத்தில் நின்று நெடிய சுரத்தைக் குறுகிய அசைக்கும், தாளத்தின் அடியைத் தப்பான அசைக்கும் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறோம். எபிரேயம் தாய்மொழியாக உள்ளவர் முன்வரிசையில் இருந்தால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். முன்னோர் வாழ்த்தையும் பாருங்கள். ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்பதோடு பழைய இசை முடிந்துவிடுகிறது. 2007இல் வந்த உங்கள் இயக்கத்தின் வழிபாட்டு நூலான மிஷ்கான் தஃபிலாவில் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்களும் இருக்கின்றன. அந்த நான்கு பெண்களுக்கு அந்த இசையில் சுரமே இல்லை. ஹஸான் அவசரமாக எங்கோ ஒரு சுரத்தில் அவர்களை நுழைத்து வெளியே வருகிறார். 1975இல் பார்பரா ஓஸ்ட்ஃபெல்ட் ஹீப்ரு யூனியன் கல்லூரியின் முதல் பெண் ஹஸானாகப் பொறுப்பேற்றார். இன்று உங்கள் மேடைகளில் நிறையப் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கும் தாள்களில் பெரும்பகுதி ஆண் குரலுக்கென்று எழுதப்பட்டது. இந்த இடங்களில் புது இசை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், அவர்களை ஒருநாள் எங்கள் பக்கத்தில் வந்து நின்று பாடச் சொல்லுங்கள்.

ஆகவே எழுதச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதில்தான் என் மன்றாட்டு.

எழுத வருகிறவரை முதலில் உங்கள் இருக்கைகளில் உட்காரவையுங்கள். ஒரு மாதமாவது, முடிந்தால் ஒரு பருவமாவது. உங்கள் மக்களுக்கு எந்தச் சுரம் எட்டும், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், எந்த வேண்டுதலில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று அவர் காதால் அறியட்டும். ஹஸானிடம் நுசாக் கேட்கட்டும். பியூத்துக்கும் உரைநடை வேண்டுதலுக்கும் உள்ள வேறுபாடும் அப்போதுதான் உறைக்கும். 'அதோன் ஓலாம்' சந்தத்தில் அமைந்த கவிதை; அதை எந்த மெட்டில் வைத்தாலும் உட்காரும், அதனால்தான் அதற்கு எண்ணற்ற மெட்டுகள். ஹஷ்கிவேனு அப்படி இல்லை. ஒரு வரி நீளம், அடுத்த வரி குட்டை, பாதியில் எதிரி, கொள்ளைநோய், வாள், பஞ்சம், துயரம் என்று அடுக்கிக்கொண்டே போகும். சொல்லின் போக்கில் போய்த்தான் அதற்கு இசை அமைக்க முடியும். எல்லா வேண்டுதலுக்கும் பொருந்தும்படி ஒரு மெட்டைச் செய்து, இரண்டு எபிரேயச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடவைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளை மூன்றாம் வாரமே பாடச் சலிப்பாக இருக்கும்.

மக்களுக்கென்று ஓர் அடி கேளுங்கள். பாடகர் குழு எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் பாடட்டும். ஓர் அடி மட்டும், மூன்றாம் வரிசைப் பெரியவர் வீட்டுக்கு எடுத்துப்போகும்படி இருக்கட்டும். அந்த அடியைத் தனித்தாளில் அச்சிட்டு இருக்கைகளில் வையுங்கள். இசையமைப்பாளருக்குத் தரும் தொகையிலேயே இதையும் பேசிக்கொண்டால் பின்னால் யாருக்கும் சங்கடம் இல்லை.

பிறகு, பாடவிடுங்கள். ஆண்டுக்கு நான்கு புதிய பாட்டு வாங்கி நான்கையும் ஒவ்வொரு முறை பாடுவதைவிட ஒன்றே ஒன்று வாங்கி மாதம் இருமுறை பாடுவது மேல். மூன்றாம் மாதம் கடிதங்கள் வரும்; பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்பார்கள். எங்களுக்கும் முதல் இரண்டு வாரம் பிடிக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அவர்களிடம் சொல்லுங்கள். ஆறு வார ஒத்திகையில் எங்களுக்குக் கிடைத்த அந்த ஐந்தாம் வாரம் மக்களுக்குக் கிடைப்பதே இல்லை. அவர்கள் முதல் வாரத்தைக் கேட்கிறார்கள், தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், நீங்களும் ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். ஓராண்டு முடிந்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். அப்படி விட்டுவிட வேண்டிய பாட்டுகளும் இருக்கின்றன. என் வாயாலேயே பாடியிருக்கிறேன். ஆனால் அந்த முடிவு கேட்டுப் பார்த்தவர்களின் முடிவாக இருக்கட்டும்.

அந்த இளம் இசையமைப்பாளர் இப்போது திரைப்படங்களுக்குப் பின்னணி இசை எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல வேலை, நல்ல சம்பளம். அவர் அதற்குப் பிறகு ஒரு வேண்டுதலுக்கும் இசை எழுதவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை பாடிப் பூட்டிவைக்கிற இடத்துக்கு யார் இரண்டாவது முறை எழுதித் தருவார்கள்?

அந்த 24 பிரதிகளும் இன்னும் இருக்கின்றன. கீழ்த்தளத்தில், பழைய வழிபாட்டு நூல்களுக்குப் பின்னால், மேலிருந்து இரண்டாவது தட்டில், நீல மையில் தலைப்பு எழுதிய அட்டைப்பெட்டி. குழுவில் பழையவர்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். புதியவர்களுக்கு இரண்டு ஒத்திகை போதும். கடைசி அடியை மக்களுக்காக நானே தனித்தாளில் எழுதிவைத்துவிட்டேன், எபிரேய எழுத்திலும் ரோமன் எழுத்திலும். மூன்றாம் வரிசைப் பெரியவர் இன்னும் வருகிறார், ஊன்றுகோல் பிடித்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை ஒத்திகைக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுவேன். அலமாரிச் சாவியை வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவைத்தால் போதும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
மாடத்தில் இடப்பக்கம் இரண்டாவதாக நிற்கும் ஆல்டோ